ஜாஸ்மி மைனிக்க சாட்சி

கருங்கல் சந்தைக்கு எதுத்தாப்புல பெமிலா பேக்கரின்னு ஒரு கடை இருக்கு. அந்தப் பெமிலா நான்தான். ஊருல எனக்கு வாய்க்காரின்னு பேரு. இருந்துட்டுப் போட்டு, வாய் இல்லாதவளால சந்தையில கடை நடத்த முடியுமா? அப்படிப்பட்ட என்னை ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு சொல்லி நாகர்கோவில் கோர்ட்டுல உக்கார வச்சாங்க. ஏன், எதுக்குன்னு சொல்லுகேன்.

ஜாஸ்மி எனக்க அண்ணன் ரெஜினைக் கெட்டினவ. அதுக்கு முந்தியே பள்ளிக்கூடத்துல நானும் அவளும் ஒரே பெஞ்சு. அண்ணிங்கிறதால மைனின்னு கூப்பிடுவேன், ஆனா வா போன்னுதான் பேசுவேன். குணத்துல அவ எனக்கு நேரெதிர். ஒரு கேள்வி கேட்டுட்டு நாம சாயா குடிச்சு முடிச்சாலும் அவளுக்க பதில் வராது. நர்சிங் படிச்சா, கலியாணம் முடிஞ்ச கையோட வெளிநாட்டு ஆஸ்பத்திரியில வேலை கெடச்சுப் போனா. எங்க பக்கத்துல நர்சு இல்லாத வீட்டைத்தான் தேடணும், அதனால அது பெரிய காரியமா யாருக்கும் படல.

அவ போன நாட்டுக்க பேரை நான் சொல்ல மாட்டேன். அவகூட வேலை பாத்த ஆளுக இன்னும் அங்க இருக்காங்க, எனக்க வாயால அவங்களுக்கு ஒரு கெடுதல் வரக் கூடாது. அங்க உள்நாட்டுச் சண்டை வந்துது. கூட இருந்த நம்ம ஊர்ப் பிள்ளைக ஒக்க விமானம் ஏறித் திரும்பி வந்தாங்க. இவ வரல. வார்டு நிறைய ஆளு கெடக்கு, நான் எப்படி வருவேன்னு போன்ல கேட்டா. அண்ணன் அழுதான், அம்மா நேர்ச்சை வச்சா, நான் கெட்ட வார்த்தையில திட்டினேன். ஒண்ணும் எடுபடல.

கடைசியில ஒரு நாள் ஒத்தைப் பையோட வந்து இறங்கினா. என்ன நடந்துதுன்னு கேட்டதுக்கு, வார்டுக்குள்ள ஒரு பட்டாள மேஜர் வந்து படுத்துக் கெடந்த நோயாளியைச் சுட்டுக் கொன்னான், நான் பக்கத்துல நின்னேன்னு சொன்னா. அதுக்கு மேல ஒரு வார்த்தை அவ வாயில இருந்து வரல. நாங்களும் கிண்டிக் கேக்கல. பிறகு அவளுக்கு ஜெமி பிறந்தா, இங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேந்தா, வாழ்க்கை அதுபாட்டுக்குப் போச்சு.

இப்பம் ஜெமி நர்சிங் முடிச்சுட்டு ஜெர்மன் பாஷை படிக்கா. ஜெர்மனிக்குப் போறதுக்கு ஏற்பாடு. அந்த நேரம் பாத்து ஜெர்மனிப் போலீசுல இருந்தே மைனிக்குப் போன் வந்துது. சவத்துப்பய மேஜர் அங்க போய்ப் பேரை மாத்திக்கிட்டு, அகதின்னு சொல்லிக்கிட்டு, ஒரு பழக்கடையில நின்னிருக்கான். அவன் நாட்டுல இருந்து உயிர் பிழைச்சு ஓடி வந்தவங்களே அவனை அடையாளம் கண்டு போலீசுல சொல்லிட்டாங்க. எந்த நாட்டுல செஞ்சாலும் போர்க்குற்றம் போர்க்குற்றம்தான், நாங்க விசாரிப்போம்னு அங்க சட்டம் இருக்காம். சண்டை போடாத ஆளை, அதுவும் ஆஸ்பத்திரிக் கட்டில்ல வச்சுக் கொன்னதுன்னு கேசு. செத்தவர் யூசுஃப்னு ஒரு பஸ் டிரைவர். கேசு போட வச்சது அவருக்க மகள் ஹனான். அவளும் ஜெர்மனியிலதான் இருக்கா.

நேர்ல பாத்தவங்கள்ல மிஞ்சினது மைனி மட்டும்தான். டியூட்டி டாக்டரைக் காணல, கூட நின்ன நர்சு பிறகு குண்டு விழுந்து செத்துப் போனா. நாகர்கோவில் கோர்ட்டுல வீடியோ வழியா சாட்சி சொன்னாப் போதும்னு ஜெர்மன்காரங்க கேட்டாங்க. மைனி அவங்க அனுப்பின போட்டோவுல மேஜரை அடையாளம் காட்டி, சுட்டதைச் சுருக்கமா போன்ல சொல்லி முடிச்சிட்டு, கோர்ட்டுக்கு வாறதைப் பத்தி யோசிச்சுச் சொல்லுகேன்னுட்டா.

ரெஜின் அண்ணன் ஆடிப் போய்ட்டான். ஜெமிக்கு விசா கெடைக்காமப் போனா? அவனுக்க ஆளுக ஜெமியை அங்க வச்சு ஏதாவது செஞ்சா? நமக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? நான் சும்மா விடுவேனா. ஒரு மனுசனைக் கொன்னவன் ஆப்பிள் வித்துக்கிட்டு இருக்கான், உனக்கு விசா பெருசான்னு கடையில ஆளு நிக்கும்போதே கேட்டுட்டேன். அண்ணன் மூஞ்சி செத்துப் போச்சு. அன்னைக்கு ஜெமிதான் சண்டையை முடிச்சா. அம்மா சொல்ல வேண்டியதைச் சொல்லாம எனக்குக் கெடைக்கிற விசா எனக்கு வேண்டாம்னு பட்டுன்னு சொல்லிட்டா.

ஆனா மைனி அப்பமும் சரின்னு சொல்லல. எனக்குப் பொறுக்கல. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவ அடுக்களையில உக்காந்து மரச்சீனிக்கிழங்கு தொலிச்சிக்கிட்டு இருந்தா. நானும் ஒரு கத்தியை எடுத்துக்கிட்டுப் பக்கத்துல உக்காந்தேன்.

"உனக்கு என்னட்டி பேடி? அந்த மேஜரை நெனச்சுப் பயமா?"

"அவன் இல்ல."

"பின்ன?"

கிழங்கைத் தண்ணிச் சட்டியில போட்டுட்டுக் கையைத் துடைச்சா. பதில் வரதுக்கு அவளுக்குண்டான நேரம் ஆச்சு. இந்தத் தடவை நான் வாயை மூடிக்கிட்டுக் காத்திருந்தேன்.

"அந்தப் பிள்ளைதான். ஹனான். அவளுக்க அப்பாவுக்க கையைக் கட்டிலோட சேத்துக் கட்டினது நான்."

நான் கத்தியைக் கீழ வச்சுட்டேன்.

அவ சொன்னது இதுதான். யூசுஃபுக்கு மண்டையில அடி. இடது கை முறிஞ்சு மாவுக்கட்டுல கெடந்துது. புத்தி தெளியல, எங்க கெடக்கோம்னு தெரியல, எழும்பி எழும்பி விழப் பாத்தாரு. மூக்குல போட்ட குழாயை வலது கையால பிடுங்கிக்கிட்டே இருந்தாரு. பிடுங்கினா ஆளு போய்ச் சேந்திருவாரு. கட்டி வைக்கிற பட்டையும் இல்ல, பேண்டேஜ் துணியும் தீந்து போச்சு. வார்டு முழுக்க ஆளு, நர்சு ரெண்டே பேரு. அதனால இவ தனக்க தோர்த்தை எடுத்து அந்தக் கையைக் கட்டில் கம்பியில கட்டியிருக்கா. நம்ம வீட்டுல குளிச்சுத் துவட்டுற அதே மெல்லிசுத் தோர்த்துதான். ஆஸ்பத்திரிச் சட்டப்படி அது கூடாது. கொஞ்ச நேரத்துல மேஜர் உள்ள வந்தான்.

"அவன் துப்பாக்கியை நீட்டுறான், அவரால மூஞ்சியை மறைக்கக் கூடக் கை இல்ல பெமிலா. நான் அதை எப்படி அந்தப் பிள்ளை முன்னால சொல்லுவேன்? உனக்க அப்பாவை நான்தான் கட்டிப் போட்டுக் கொடுத்தேன்னா?"

எனக்கு அழுகையும் வந்துது, கோபமும் வந்துது. அவர் பிழைக்கணும்னுதானே கட்டினே, கொல்லுறதுக்கா கட்டினேன்னு சண்டைக்குப் போனேன். அவ மறுபடியும் கிழங்கை எடுத்துத் தொலிக்க ஆரம்பிச்சா. திரும்பி வந்த பிறகு இத்தனை வருஷமா இவ அதைப் பத்திப் பேசாம இருந்ததெல்லாம் குணம்னு நெனச்சேனே, இந்தப் பாரத்தைத் தூக்கிக்கிட்டா இருந்தான்னு எனக்கு மனசு பதறிப் போச்சு. நீ சொல்லாட்டி அந்தப் பிள்ளைக்கு அப்பாவும் போச்சு, நியாயமும் போச்சுன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன். மறுநாள் பூசை முடிஞ்சு வெளிய வரும்போது, நான் வாறேன்னு அவங்ககிட்ட சொல்லிரு, ஆனா நீ கூட வரணும்னு மைனி எனக்க கையைப் பிடிச்சுக்கிட்டா.

கோர்ட்டுல துணைக்கு ஒரு ஆளை விட்டாங்க. அங்க இருந்த மாஜிஸ்திரேட் அம்மா என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, ஒரு சத்தம் வரக் கூடாது, வந்தா வெளிய அனுப்பிருவேன்னு சொன்னாங்க. எனக்க மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கும் போல. செரின்னு மூலையில உக்காந்தேன்.

சுவருல பெரிய திரை. அதுல ஜெர்மன் கோர்ட்டு. கறுப்பு அங்கி போட்ட ஜட்ஜுமாரு வரிசையா இருந்தாங்க. நடுவுல இருந்தது ஒரு நரைச்ச தலைக்காரி. மேஜர் ஒரு கம்பளிச் சட்டை போட்டுக்கிட்டு, காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு, நம்ம பக்கத்துத் தெரு மாமா மாதிரி உக்காந்திருந்தான். எனக்குத் திரையில துப்பணும் போல இருந்துது. மறுபக்கம் தலையில துணி போட்ட ஒரு பெண்ணு, ஹனான். ஜெமியை விடப் பத்து வயசாவது மூப்பு இருக்கும். மைனி அவளைத்தான் முதல்ல பாத்தா, உடனே கண்ணைத் தாழ்த்திக்கிட்டா.

மொழி மாத்திச் சொல்ல ஜெர்மன் கோர்ட்டுல ஒரு ஈழத்து அம்மா இருந்தாங்க. இங்கிலீஷ்ல சொல்லுறீங்களா, தமிழ்லயான்னு கேட்டாங்க. மைனிக்கு இங்கிலீஷ் நல்லா வரும். தமிழ்லதான் சொல்லுவேன்னு சொன்னா. அதுவும் நம்ம கருங்கல் தமிழ். அந்த அம்மா ரெண்டு தடவை திருப்பிக் கேட்டாங்க, பிறகு பழகிக்கிட்டாங்க.

மைனி பேசின பேச்சை நான் எப்படிச் சொல்ல. மெதுவா, ஒண்ணொண்ணா, பூச்சு வேலை இல்லாம சொன்னா. வார்டு எப்படி இருந்துது, அவன் எந்த வாசல் வழியா வந்தான், நீ எந்தக் கூட்டத்துல சேந்தவன்னு யூசுஃபைக் கேட்டான், புத்தி தெளியாத மனுசன் எப்படிப் பதில் சொல்லுவாரு, ரெண்டாந்தடவை கேட்டான், சுட்டுட்டான். சுட்டது யாருன்னு கேட்டாங்க. மைனி கையை நீட்டி அந்தக் கம்பளிச் சட்டையைக் காட்டினா.

பிறகு மேஜருக்க வக்கீல் எழும்பினான். நெட்டையான ஆளு, குரல்ல தேன் ஒழுகுது. அவன் கதை வேற. யூசுஃப் ஒரு சண்டைக்காரன், நோயாளி வேஷத்துல படுத்துக் கெடந்தான், மேஜர் விசாரிக்கும்போது பாஞ்சு துப்பாக்கியைப் பிடிச்சான், மேஜர் தன் உயிரைக் காப்பாத்தச் சுட்டாரு, அவ்வளவுதான். நீங்க பயத்துல சரியாப் பாத்திருக்க மாட்டீங்க, அவர் துப்பாக்கியைப் பிடிச்சதை உங்களால மறுக்க முடியுமான்னு கேட்டான்.

மைனி பேசல. ஜட்ஜு காத்திருந்தாங்க. மாதாவே, இவளுக்குப் பதில் வரதுக்குள்ள கேசு போயிருமேன்னு விரலைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். மைனி தலையை நிமித்தி ஹனானைப் பாத்தா. வக்கீலைப் பாக்கல, ஜட்ஜைப் பாக்கல, அந்தப் பிள்ளையைப் பாத்துத்தான் சொன்னா.

"அவரால பிடிச்சிருக்க முடியாது. இடது கை மாவுக்கட்டுல இருந்துது. வலது கையைக் கட்டில்ல கட்டி வச்சிருந்தேன். கட்டினது நான்தான்."

ஈழத்து அம்மா அதை மாத்திச் சொன்ன உடனே அந்தக் கோர்ட்டுல ஒரு அசைவு. ஹனான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. நெட்டை வக்கீலுக்கு மூஞ்சி மாறிப் போச்சு, ஆனா ஆளு லேசுப்பட்டவன் இல்ல. நோயாளியைக் கட்டி வைக்கிறது உங்க தொழில்ல குற்றம் இல்லையான்னு கேட்டான். ஆமான்னா. அப்படின்னா இத்தனை வருஷம் ஏன் சொல்லல, போலீசுகிட்ட போன்ல பேசினப்பம் ஏன் சொல்லல, இன்னைக்கு எங்க கட்சிக்காரரை மாட்டி விடுறதுக்காக இங்க உக்காந்து கட்டின கதையான்னு அடுக்கினான்.

"அவருக்க மகளுக்குத் தெரிய வேண்டாம்னு நெனச்சேன். அதுதான் காரணம்," அப்படின்னு சொன்னா மைனி.

நம்புறதுக்கு ஆதாரம் இருக்கான்னு அவன் கையை விரிச்சான். எனக்கு உள்ள நெருப்பு எரியுது. சொன்னதும் இவ, நொந்ததும் இவ, இப்பம் பொய்க்காரியும் இவளா? எழும்பப் போனேன். மாஜிஸ்திரேட் அம்மா ஒரு பார்வை பாத்தாங்க, உக்காந்துட்டேன்.

அப்பம் அந்த நரைச்ச தலை ஜட்ஜு கேட்டாங்க, எதை வச்சுக் கட்டினீங்கன்னு. தோர்த்துன்னா மைனி. ஈழத்து அம்மாவுக்குப் பிடி கெடைக்கல. குளிச்சுட்டுத் துவட்டுற மெல்லிசு துணின்னு விளக்கினா. ஓ, துவாயான்னு அவங்க சொல்லி அதை மாத்திச் சொன்னாங்க. அதைக் கேட்ட உடனே ஹனான் தனக்க வக்கீலுக்க கையைப் பிடிச்சு இழுத்து என்னமோ சொன்னா. அந்த வக்கீல் எழும்பி ஜட்ஜுகிட்ட பேசினாரு. கொஞ்ச நேரத்துல ஒரு கவரைக் கொண்டு வந்து மேசையில வச்சாங்க.

அதுக்க கதையைப் பிறகு எங்களுக்கு விளக்கினாங்க. யூசுஃபுக்க உடலை வீட்டுல கொடுத்தப்பம் வலது மணிக்கட்டுல ஒரு துணி முடிச்சோட கெடந்திருக்கு. ஹனான் அதை அறுத்து எடுத்து, எல்லை தாண்டும்போதும் கையோட கொண்டு வந்திருக்கா. பட்டாளத்தானுகதான் கட்டினாங்கன்னு அவ கோர்ட்டுல சொல்லியிருக்கா. இல்ல, பிணத்தைத் தூக்குறவங்க கட்டியிருப்பாங்கன்னு நெட்டையன் சொல்லியிருக்கான். யாரு கட்டினதுன்னு தெரியாம அது அந்தக் கவருக்குள்ளேயே கெடந்திருக்கு.

ஜட்ஜு புத்திசாலி. கவரைத் திறக்கல. உங்க துணி எப்படி இருக்கும், முதல்ல நீங்க சொல்லுங்கன்னு கேட்டாங்க.

"வெள்ளை. ஓரத்துல பச்சைக் கரை. ஒரு மூலையில சிவப்பு நூல்ல 'ஜா'ன்னு தமிழ் எழுத்து தைச்சிருக்கும். எனக்க நாத்தனார் தைச்சது. கோணலா இருக்கும்."

அந்த நாத்தனார் நான்தான். எங்க பக்கத்துல நர்சுப் பிள்ளைக வெளிநாடு போறப்பம் பெட்டியில தோர்த்து அடுக்கி விடுறது வழக்கம். ஹாஸ்டல்ல மாறிப் போகாம இருக்க வீட்டுப் பெண்ணுக மூலையில எழுத்து தைச்சு விடணும். மைனி போறப்பம் அந்த வேலை எனக்க தலையில விழுந்துது. எனக்கும் ஊசிக்கும் ஏழாம் பொருத்தம். நாலு தடவை விரல்ல குத்தி, அவளையும் அண்ணனையும் திட்டிக்கிட்டே தைச்சேன்.

கையுறை போட்ட ஒருத்தன் கவரைத் திறந்து துணியை விரிச்சான். கேமரா கிட்டப் போச்சு. ரத்தம் காஞ்சு காவி நிறமாப் போயிருந்துது. ஆனா ஓரத்துல பச்சைக் கரை. மூலையில சிவப்பு நூலு. அதை அங்க இருந்த ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியல, ஏதோ கம்பெனி அடையாளம்னு நெனச்சிருக்காங்க. ஈழத்து அம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டு எழும்பிக் கிட்டப் போய்ப் பாத்தாங்க.

"ஜா," அப்படின்னு வாசிச்சாங்க.

பிறகு என்ன நடந்துதுன்னா, நான் எழும்பி நின்னேன். மாஜிஸ்திரேட் அம்மா, ஜெர்மன் ஜட்ஜு, ஒருத்தரும் எனக்க கண்ணுல தெரியல. "அது நான் தைச்சது," என்னு சந்தையில கத்துற குரல்ல சொன்னேன். கோர்ட்டு சேவகர் ஓடி வந்தாரு. அந்தப் பெண்மணி யாரு, என்ன சொன்னாங்கன்னு ஜெர்மன் ஜட்ஜு கேட்டாங்க. ஈழத்து அம்மா சொன்னாங்க. ஜட்ஜு கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு நிமிஷம் பாத்துட்டு, இது பதிவுல ஏறட்டும், சத்தியம் வாங்கி அவங்களையும் விசாரிப்போம்னாங்க. வாயைத் திறந்தா வெளிய அனுப்புவேன்னு சொன்ன மாஜிஸ்திரேட் அம்மாவே எனக்கு நாற்காலி போடச் சொன்னாங்க. தைச்சதை ஒத்துக்கிட்டேன், கோணலையும் ஒத்துக்கிட்டேன். நெட்டை வக்கீல் என்கிட்ட ஒரு கேள்வியும் கேக்கல. மேஜர் ஹெட்போனைக் கழற்றி மேசையில வச்சுட்டுக் கீழ பாத்துக்கிட்டு இருந்தான். அப்பம் எனக்கு இருந்த சந்தோஷம், சொல்லி முடியாது.

மைனிக்கு மட்டும் சந்தோஷம் இல்ல. திரை அணைஞ்ச பிறகு, அந்தப் பிள்ளை எனக்க மூஞ்சியைப் பாக்கவே இல்ல பெமிலான்னா. பஸ்ஸுல தக்கலை தாண்டுற வரைக்கும் ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தா.

தீர்ப்பு வர மாசக்கணக்காச்சு. வந்த அன்னைக்கு ஜெமிதான் முதல்ல வாசிச்சா, ஜெர்மன் படிச்சதுக்கு நல்ல உபயோகம். ஆயுள் தண்டனை. ரெண்டு கையும் அசைக்க முடியாத நோயாளி துப்பாக்கியைப் பிடிச்சார்னு சொன்னது பொய், மேஜருக்க வாதம் அந்த இடத்துலயே முடிஞ்சு போச்சுன்னு ஜட்ஜு சொல்லியிருந்தாங்க. எந்தப் பட்டாள உடுப்பும் இதுக்குப் பாதுகாப்பு இல்லைன்னும் சொல்லியிருந்தாங்க. நான் கடையில இருந்த பிளம் கேக்கை ஒக்க வெட்டிச் சந்தை முழுக்கக் கொடுத்தேன். மீன்காரி, ஆட்டோக்காரன், பஸ் கண்டக்டர், எல்லாருக்கும். எதுக்குன்னு கேட்டவங்களுக்கு எனக்க மைனி ஒரு மேஜரை உள்ள வச்சுட்டான்னு சொன்னேன். விசா விசான்னு புலம்பின ரெஜின் அண்ணன் எங்கிருந்தோ ஒரு சரம் பட்டாசு வாங்கிட்டு வந்து வீட்டு முன்னால போட்டு வெடிச்சான். நானும் அவனைக் கிண்டல் பண்ணாம விட்டுட்டேன்.

சாயங்காலம் வீடியோவுல ஹனான் கூப்பிட்டா. மைனி போனை எடுக்கவே மாட்டேன்னுட்டா. நான்தான் எடுத்து அவ கையில திணிச்சேன். ஹனான் இங்கிலீஷ்ல பேசினா, எனக்குப் புரியிற மாதிரிதான் பேசினா.

"அப்பாவைக் கடைசியா தொட்டது அந்தப் பட்டாளத்தானுக கைன்னு நெனச்சு இத்தனை வருஷம் செத்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்குக் கோர்ட்டுல எனக்குப் பேச்சு வரல. அவரைப் பிழைக்க வைக்கப் பாத்த கைதான் கடைசியா தொட்டிருக்கு. எனக்கு அது போதும், சிஸ்டர்."

மைனி உடைஞ்சு அழுதா. கலியாணத்துக்குக் கூட அழாதவ, போன் நனைய அழுதா. ஹனான் அவ அழுது முடிக்கிற வரைக்கும் பொறுமையா இருந்தா. பிறகு, அப்பா பயந்தாரான்னு கேட்டா.

இந்த ஒரு கேள்விக்கு மைனி யோசிக்கவே இல்ல.

"பயமா? அவரு என்னைத் திட்டிக்கிட்டே இருந்தாரு மக்களே. பஸ்ஸுக்கு நேரமாச்சு, ஆளுக ஸ்டாப்புல நிக்காங்க, கட்டை அவுத்து விடுன்னு ஒரே திட்டு."

ஹனான் சிரிச்சா. கண்ணு நிறையத் தண்ணி, ஆனா வாய் விட்டுச் சிரிச்சா. வீட்டுலயும் இப்படித்தான் சிஸ்டர், காலையில எங்க எல்லாரையும் திட்டிட்டுத்தான் பஸ்ஸை எடுப்பாருன்னா. இன்னும் என்னவெல்லாம் திட்டினாரு, எல்லாத்தையும் சொல்லுங்கன்னா. மைனி மூக்கைத் துடைச்சுக்கிட்டு, முதல்ல இருந்து சொல்ல ஆரம்பிச்சா.